மத்தியானப் படங்கள்

மார்ச் 27

வந்து சேர்ந்தேன். திசையன்விளையில் பேருந்து இறக்கிவிட்டது. அங்கிருந்து தோட்டத்துக்காரர் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் மொபெட்டில், கேமராவின் முக்காலியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, எதிரில் வந்த எல்லாரையும் இடிக்கப் பார்த்தபடி பயணம். அவர் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னல் மேற்குப் பார்த்தது. மாலை ஐந்து மணிக்கே சுவர் சுட்டது.

வேலை இதுதான். திருநெல்வேலிப் பதிப்பாளர் ஒருவர் செம்மணல் தேரிக்காட்டுப் பறவைகளுக்கு ஒரு கையேடு போடுகிறார். எனக்கு வந்தது பஞ்சுருட்டான். சிட்டுக்குருவியை விடச் சற்றுப் பெரியது, பச்சை, கண் வழியே ஒரு கறுப்புக் கோடு, வால் நடுவே ஊசி போல நீண்ட இரண்டு இறகு. பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். படத்தில் மூன்று வேண்டும் என்று எழுதியிருக்கிறார்: கண்ணில் ஒளி, உண்மையான பச்சை, அலகில் பூச்சி. மூன்றையும் ஒன்றாகக் கேட்கிறவர் இந்த மண்ணில் ஒரு மத்தியானம்கூட நின்றிருக்க மாட்டார்.

மார்ச் 28

ஐந்தே முக்காலுக்கு எழுந்து போனேன். முருங்கைத் தோட்டத்தின் ஓரத்தில் முன்பு மண் அள்ளிய பள்ளம். அதன் செங்குத்துச் சுவரில் ஐந்து பொந்துகள். முன்னால் ஒரு காய்ந்த முருங்கைக் கொப்பு. இதைவிட வசதியான இடம் அமையாது.

எட்டு மணி வரை ஒளி பால் போல இருந்தது. பறவைகள் மின்கம்பியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறகை உப்பிக்கொண்டு, ஒன்றுமே செய்யவில்லை. ஒன்பதுக்கு மேல் பூச்சி பறக்க ஆரம்பித்ததும் அவையும் வேலையை ஆரம்பித்தன. உச்சி நெருங்க நெருங்க ஒளி போய்விட்டது. போய்விட்டது என்பது தப்பு, வந்துவிட்டது. மேலே முதுகு வெளுத்து இறகே இல்லாமல் போகிறது. கீழே சிவப்பு மண்ணின் வெளிச்சம் எகிறி வயிறெல்லாம் செங்கல் நிறம். அலகில் இருப்பது ஒரு கறுப்புச் சொட்டு. பாலைக்கு நண்பகலைப் பொழுதாக வகுத்தவர்களுக்கு ஒரு சின்னப் பறவையின் கண்ணைத் தெளிவாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"ஏம்மா, வெயில்ல நின்னு ஏன் சாவுதிய? நிழல்ல நின்னு எடுக்கக் கூடாதா?"

"குருவி வெயில்ல இருக்கு அண்ணாச்சி."

"அப்ப அதையும் நிழலுக்குக் கூப்பிடுங்க."

மார்ச் 29

இன்று ஒரு சிக்கல்.

தோட்டத்தில் அறுபது தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. முருங்கை பூத்திருப்பதால் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கொண்டு வந்து வைத்திருக்கிறார் ரெத்தினபாய் அக்கா. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, தலையில் துண்டு. கணவர் ஊரில் ரப்பர்த் தோட்டத்தில் மீதிப் பெட்டிகளைப் பார்க்கிறாராம். இங்கே இவர் தனியாக, மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கிறார். காலையில் நான் முக்காலியைச் சரி செய்துகொண்டிருந்தபோது அலுமினியச் சட்டியில் குழைத்த களிமண்ணோடு பள்ளத்தில் இறங்கினார்.

"படம் பிடிச்சாச்சா மக்ளே? கொஞ்சம் தள்ளு. எனக்கு இந்தப் பொந்த அடைக்கணும்."

"உள்ள குஞ்சு இருக்குக்கா."

"எனக்க பெட்டியிலயும் குஞ்சு இருக்கு. ஒரு பெட்டிக்கு ஆயிரக்கணக்கில இருக்கு. இந்தக் கள்ளி அதுக்க தாயத்தானே தின்னுது?"

பஞ்சுருட்டானுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கள்ளி. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். தும்பி, குளவி, வண்டு, பறக்கும் எறும்பு எல்லாம் தின்னும், தேனீ அதில் ஒரு பங்குதான் என்றேன். அவர் சட்டியைக் கீழே வைத்தார்.

"நீ கண்டியா?"

"படிச்சிருக்கேன்."

"படிச்சத விடு. நீ கண்டியா? ஒனக்க கையில இவ்வளவு பெரிய குழாய் இருக்கே. அதுல பாத்துச் சொல்லு."

கடைசியில் பேரம் படிந்தது. பதினைந்து நாள். அலகில் பூச்சி தெரிகிற நூறு படம். நூறில் முப்பதுக்கு மேல் தேனீயாக இருந்தால் பொந்துகளை அடைப்பார். நான் குறுக்கே பேசக் கூடாது. முப்பதோ அதற்குக் கீழோ என்றால் குஞ்சு பறந்து போகும் வரை தொடமாட்டார்.

"காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் எடுக்கணும், கேட்டியா? ஒரு நேரம் மட்டும் எடுத்தா அது கணக்கில்ல."

செரி என்று நானும் அவர் மாதிரியே சொன்னேன்.

மார்ச் 30

குறிப்பேட்டில் கட்டம் போட்டேன்: தேதி, நேரம், பூச்சி. இப்படிக் கட்டம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஆராய்ச்சிப் படிப்பை விட்ட அன்று மூடி வைத்த பேனாவையே எடுத்து வந்திருக்கிறேன். என் வழிகாட்டிப் பேராசிரியர், வரைபடத்தில் கோட்டுக்கு வெளியே விழுந்த பதினோரு புள்ளிகளைக் காட்டி, "தெளிவில்லாதத விட்டுடும்மா, தெளிவா இருக்கறதே போதும்" என்றார். நான் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நல்ல கடிதம். ஒரு வரிகூட இப்போதும் மாற்றத் தோன்றவில்லை.

இன்றைய படங்கள்: 14. தும்பி 6, வண்டு 2, பட்டாம்பூச்சி 1, குளவி 2, தேனீ 3.

ஏப்ரல் 1

படம் எடுக்க நான் ஒளிந்திருக்கும் மறைவிடத்தின் மேல் வெட்டிப் போட்டிருந்த உடைமரக் கிளைகளை அண்ணாச்சியின் ஆடுகள் தின்றுவிட்டன. உள்ளே நான் இருந்தேன்.

ஏப்ரல் 2

மத்தியானம் ஒன்றரைக்கு மேல் பறவைகளின் போக்கே மாறுகிறது. காலையில் தேனீயையோ குளவியையோ பிடித்தால் கொப்பில் கொண்டு வந்து அடிக்கும், பிறகு அதன் வால் நுனியைத் தேய் தேய் என்று தேய்த்துக் கொடுக்கை எடுத்த பிறகுதான் விழுங்கும். அந்தத் தேய்க்கிற நேரம்தான் எனக்குப் படம். மத்தியானத்தில் அந்த மரியாதையெல்லாம் இல்லை. பெட்டிகளுக்கு முன்னால் போய் எதையோ பிடிக்கின்றன, கொப்பில் ஒரு தட்டு, உடனே பொந்துக்குள் நுழைந்துவிடுகின்றன. இரண்டாவது முறை அழுத்த நேரம் இல்லை. முதல் முறை அழுத்தியதில் கறுப்புச் சொட்டு.

வியர்வை கண்ணில் இறங்கிக் கண்ணாடி வழுக்கியது. முக்காலியின் கால் மணலில் புதைந்துகொண்டே போகிறது. கேமரா சூடு தாங்காமல் இரண்டு முறை நின்றது. நானும் நிற்கலாம் என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 3

மாலை படங்களைப் பிரித்தேன். இருபத்து மூன்று படங்களில் அலகில் இருப்பது இன்னதென்று சொல்ல முடியவில்லை. கறுப்பாக, தடித்து, சிறகு மட்டும் மினுங்குகிறது. எல்லாம் ஒன்றரை மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் எடுத்தவை. தேனீ மாதிரி தெரிகிறது. ஆனால் தேனீ மாதிரி தெரிவது தேனீ ஆகிவிடாது. ஒளி மோசம். வயிறு வேறு செங்கல் நிறம். கையேட்டுக்கும் உதவாது, கணக்குக்கும் உதவாது. அழித்துவிட்டேன்.

தெளிவான படங்களை மட்டும் எண்ணுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஏப்ரல் 5

மொத்தம் 58. தேனீ 13. நன்றாகப் போகிறது.

அழித்தது 18. ஒளிதான்.

சுவர்க்கடியில் நின்றால் பொந்துகளுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போல. நடுப் பொந்தில் சத்தம் அதிகம். மூன்று குஞ்சாவது இருக்கும். அதன் தாய்க்கு வலது பக்க வால் ஊசி ஒடிந்திருக்கிறது. அதனால் அதை மட்டும் எனக்குத் தனியாகத் தெரியும்.

ஏப்ரல் 6

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெத்தினபாய் அக்கா கூப்பிட்டார். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். மீன் உவரியிலிருந்து. கொட்டகைக்குள் தேன் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து கிடந்தன.

"எத்தன ஆச்சு?"

"அறுபத்தாறு."

"எனக்க ஈ?"

"தேனீ பதினாறு."

கிழங்கைப் பிட்டபடியே என்னைப் பார்த்தார். "கொறவுதான்."

சாப்பிட்ட பிறகு பெட்டிகளிடம் அழைத்துப் போனார். ஒன்றைத் திறந்து ஒரு தேனடையை என் முகத்துக்கு நேரே தூக்கினார். போன வாரம் அடை முழுக்க ஈ மூடியிருந்ததாம். இப்போது நடுவில் மட்டும் இருந்தன. இப்படி மூன்று பெட்டிகள் மெலிந்திருக்கின்றன.

"வேலக்கார ஈ கொறஞ்சா பூ இருந்தும் தேன் வராது மக்ளே. பூ இன்னும் ஒரு மாசம் நிக்காது. இது கள்ளிக்க வேலையா, இல்ல வேற சீக்கான்னு தெரியணும். கள்ளின்னா பொந்த அடைச்சிடலாம். சீக்குன்னா நான் பெட்டியத் தள்ளி வைக்கணும், அடைய மாத்தணும். தப்பா ஒண்ணச் செய்தா ரெண்டும் போச்சு."

"படத்துல தெரிஞ்சிரும்கா," என்றேன்.

 

ஏப்ரல் 7

பதிப்பாளர் தொலைபேசியில். "பச்சை கொஞ்சம் மஞ்சளா இருக்கே?" நான் அனுப்பிய படங்களை அவர் குளிர்பதன அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்.

ஏப்ரல் 8

இன்று மத்தியானம் மட்டும் முப்பத்தொன்று அழித்தேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதில் கண் வலி. பத்துப் படத்துக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு, நேரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்து அழித்தேன். எப்படியும் அந்த நேரத்து ஒளியில் ஒன்றும் தேறாது.

ஒடிந்த வால்காரி இன்று பதினேழு முறை பொந்துக்குப் போய் வந்தாள். அவ்வளவு உழைக்கிற ஒன்றைக் கள்ளி என்பது நியாயமில்லை.

ஏப்ரல் 10

நூறு. தேனீ 24.

சந்தோஷமாக இருக்க வேண்டும். புத்தகம் படிக்கலாம் என்று எடுத்தேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்துவிட்டு வைத்துவிட்டேன். அறை சுடுகிறது.

ஏப்ரல் 11

காலை பத்து மணிக்குக் கொட்டகையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். அக்கா கை கழுவி, சேலையில் துடைத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சியும் வாசலில் வந்து நின்றார். நூறு படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒன்றையும் அவர் அவசரமாகத் தள்ளவில்லை.

"இது தும்பி. செரி. இது எனக்க ஈ, கோடு தெரியுது. இது குளவி. தின்னட்டும், நல்லது."

அண்ணாச்சி, "அடேங்கப்பா, நம்ம கொப்பு என்ன அழகா இருக்கு," என்றார்.

நூறும் முடிந்தது. அவர் எண்ணிக்கையும் இருபத்து நான்குதான். நான் மடிக்கணினியை மூடப் போனேன்.

"நில்லு. முதல்ல இருந்து ஒருக்கா ஓட்டு."

ஓட்டினேன். இந்த முறை அவர் பூச்சியைப் பார்க்கவில்லை என்று பாதியில்தான் எனக்குப் புரிந்தது.

"மத்தியானப் படம் எங்க?"

"இதுல இருக்கே அக்கா."

"இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "உச்சிக்கு மேல இந்த மண்ணுல நின்னா எனக்க வெள்ளச் சேலையே சிவந்து தெரியும். இதுல ஒரு குருவிக்க வயிறாவது சிவந்திருக்கா? எல்லாம் காலையிலயும் சாயங்காலமும் பிடிச்சது."

வெயில் நேரத்தில் ஒளி சரியில்லை, எதுவும் தெளிவாக விழவில்லை, அதனால் அழித்துவிட்டேன் என்றேன். ஒளி பற்றி நீளமாகவே விளக்கினேன். மேலிருந்து விழும் வெயில், மண்ணிலிருந்து எகிறும் வெளிச்சம், கேமராவால் இரண்டையும் ஒன்றாகத் தாங்க முடியாதது. நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

"மத்தியானம் அதுக எனக்க பெட்டிக்கு முன்னால வந்து பறக்குதத நான் தினமும் காணுதேன். எதப் பிடிக்குதுன்னுதான் எனக்க கண்ணுக்கு எட்டல. ஒன்னட்ட நான் கேட்டதே அதுக்குத்தான் பிள்ளே."

மக்ளே போய்விட்டது என்பதைக் கவனித்தேன்.

"எத்தன அழிச்ச?"

"தெரியல."

"செரி," என்றார். எழுந்து பெட்டிகளுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி என்னையும் பார்க்காமல் மடிக்கணினியையும் பார்க்காமல், "மோட்டாரப் போடணும்," என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடாமலே போனார்.

எரிச்சலில் நேராகப் பள்ளத்துக்குப் போய் மத்தியானம் முழுவதும் எடுத்தேன். யாரிடம் எரிச்சல் என்று எழுதத் தெரியவில்லை. முப்பத்து மூன்று படங்கள். மாலை பிரிக்கவில்லை. நினைவு அட்டையைக் கேமராவிலிருந்து எடுக்கவேயில்லை.

ஏப்ரல் 12

ஆறரைக்குப் போனேன். ஐந்து பொந்துகளும் அடைபட்டிருந்தன. களிமண்ணில் உள்ளங்கை அச்சு தெரிந்தது. ஒடிந்த வால்காரி கம்பியில் அலகில் தும்பியோடு உட்கார்ந்திருந்தாள். சுவருக்குப் பறப்பாள், களிமண்ணில் தொற்றிக்கொள்வாள், திரும்பிக் கம்பிக்கு வருவாள். தும்பியை விழுங்கவும் இல்லை. ஒளி அருமையாக இருந்தது. கண்ணில் ஒளி, உண்மையான பச்சை, அலகில் பூச்சி. கேமராவைத் தூக்கவில்லை.

கொட்டகைக்குப் போனேன். அக்கா ஓர் அடையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுபத்திரண்டு," என்றேன்.

"என்ன எழுபத்திரண்டு?"

"அழிச்சது. இருபத்து மூணு, பதினெட்டு, முப்பத்தொண்ணு. எழுதி வெச்சிருக்கேன். நேத்துத் தெரியலன்னு சொன்னது பொய். அதெல்லாம் உங்க ஈ மாதிரி இருந்துச்சு. அதனாலதான் அழிச்சேன். வெயிலால இல்ல."

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். "பொந்த அடைக்கணும்னுதான் நான் கேட்டேன்னு நெனச்சியா நீ? எனக்க மூணு பெட்டி மெலிஞ்சு கெடக்கு. அதுக்குக் காரணம் கேட்டேன்."

"நேத்து மத்தியானம் எடுத்தது முப்பத்து மூணு இருக்கு. அத நான் இன்னும் பாக்கல. நீங்களே பாருங்க."

பார்க்கமாட்டார் என்று நினைத்தேன். கை கழுவினார். துடைத்தார். கண்ணாடி போட்டார்.

முதல் படம். வெளுத்த முதுகு, செங்கல் வயிறு, கறுப்புச் சொட்டு.

"பெருசாக்கு."

பெரிதாக்கினேன். திரைக்கு அருகில் குனிந்தார். அடுத்தது என்றார். அடுத்தது. பத்துப் படம் போனது. ஒரு படத்தில் நிறுத்தச் சொல்லி விரலால் தொட்டார். "கோடு இருக்கா?"

"இல்ல."

"உடம்பு தடிச்சு, கரிஞ்சு இருக்கு. கண்ணப் பாரு, ரெண்டும் தலையில ஒட்டிக்கிட்டு, தலை முழுக்கக் கண்ணு. இதக் கொப்புல தேய்ச்சுதா?"

"தேய்க்கல. மத்தியானத்துல எதையும் தேய்க்கிறதில்ல. ஒரு தட்டு தட்டிட்டு உடனே பொந்துக்குக் கொண்டு போயிரும்."

"இத ஏன் நீ முதல்லயே சொல்லல?"

"எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு. படம் எடுக்க முடியல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

"இது ஆண் ஈ," என்றார். "கொடுக்கு கிடையாது, அதுனாலதான் தேய்க்கல. வேலை செய்யாது, பூவுக்குப் போவாது. உச்சிக்கு மேல வெளிய எறங்கி ராணியத் தேடிச் சுத்தும், திரும்பி வந்து தேனத் தின்னும். இப்ப எனக்க ராணியெல்லாம் முட்ட போடுது. இதுக போனா எனக்கு ஒண்ணுமில்ல. சவம், தின்னுட்டுப் போகட்டும்."

முப்பத்து மூன்றில் ஆண் ஈ இருபத்து நான்கு என்றார். கோடு போட்ட வேலைக்கார ஈ இரண்டு. மீதி ஏழு அவருக்கும் தெரியவில்லை.

"அப்ப நான் அழிச்சதும் இதுதான்," என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அத இனி யாரு சொல்ல?"

கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். பதினொரு மணி ஆகியிருந்தது. களிமண் செங்கல்லாகக் காய்ந்திருந்தது. கடப்பாரை முனையால் ஓரத்தை மட்டும் தட்டித் தட்டி, உள்ளே மண் சரியாதபடி ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்துக்கும் முக்கால் மணி நேரம் பிடித்தது.

"அக்கா—"

"ஒனக்காகத் தொறக்கல. மூணு பெட்டிக்கும் இதுக காரணமில்லன்னா, இதுகள ஏன் நான் கொல்லணும்? சீக்குதான். ரெண்டு வாரம் போச்சு எனக்கு."

ஒரு மணிக்குள் நான்கு பொந்துகளுக்குத் தாய்ப் பறவைகள் திரும்பின. நடுப் பொந்துக்கு யாரும் வரவில்லை. கம்பியிலும் இல்லை. மாலை ஆறு வரை நின்றேன். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மற்ற நான்கிலும் சத்தம் இருந்தது.

பேராசிரியருக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் மின்னஞ்சலில் இருக்கிறது. திறந்தேன். முதல் பத்தியோடு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 13

நாளை புத்தாண்டு. ஊருக்கு வரமுடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எண்ணி முடிக்கவில்லை என்றேன்.

நடுப் பொந்துக்கு இன்றும் வரவில்லை.

காலையில் மெலிந்த மூன்று பெட்டிகளையும் தோட்டத்தின் மறுமுனைக்குத் தூக்கினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. என் கையில் இரண்டு கொட்டு. அவர் கொடுக்கை நகத்தால் வழித்துவிட்டு, "பெண் ஈ," என்றார். 

ஒரு மணிக்கு முக்காலியோடு பள்ளத்துக்குப் போனேன். பின்னாலேயே அவர் ஒரு கவிழ்த்த வாளியைக் கொண்டு வந்து போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் என் குறிப்பேடு. அறைக்கு ஆள் அனுப்பி எடுத்திருக்கிறார்.

"இனி எழுதுதது நான். நீ படத்த மட்டும் பிடி."

"சரிக்கா."

"பிடிச்ச உடனே எனக்குக் காட்டணும். அழிக்கிற பொத்தான் எது?"

காட்டினேன். அதன் மேல் நெற்றியில் போடும் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டினார். வழியில் போன அண்ணாச்சி நின்று பார்த்தார். "கேமராவுக்குப் பொட்டு வச்சா நல்லதா? எங்க வீட்டு மோட்டாருக்கும் ஒண்ணு வைங்க, அடிக்கடி நிக்கு."

என் கட்டத்தை அடித்துவிட்டு அவர் புதிதாக மூன்று கட்டம் போட்டிருந்தார். வேலைக்கார ஈ. மற்றதெல்லாம். மூன்றாவதின் தலைப்பில், பெரிய எழுத்தில், தெரியல.

இரண்டு பத்துக்கு முதல் பறவை. வெளுத்த முதுகு, சிவந்த வயிறு, அலகில் கறுப்பு. ஒரு தட்டு, பொந்துக்குள். படத்தைக் காட்டினேன். அவர் கேமராவைத் தூக்கிச் சேலை நிழலில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"ஆண் ஈதானேக்கா?"

"கண்ணு தெரியல," என்று சொல்லிவிட்டு மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

நான்கு மணி வரை இருந்தோம். வேலைக்கார ஈ இரண்டு. மற்றதெல்லாம் பத்தொன்பது. தெரியல பதினாறு. அத்தனையையும் அவர் ஒவ்வொன்றாக எண்ணி, கூட்டி, கீழே தன் பெயரை எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் எழுதினேன்.